.315 வேட்டைத் துப்பாக்கி: குறைந்த செலவில் செம்மைப்படுத்துதல்

.315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள், இந்தியாவில் உரிமம் பெற்ற தனியார் பலரிடம் உள்ள போல்ட் வகைத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்னும் எஃகுத் தாழைக் கையால் தூக்கிப் பின்னிழுத்து, வெற்றுக் குப்பியை வெளியேற்றி, முன்தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். துப்பாக்கி உருவாவது மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில். அதன் தோட்டாவோ புணேவுக்குச் சொந்தம். 1869-இல் தொடங்கப்பட்ட கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 தோட்டாக்களின் அடியில் ‘கே.எஃப்.’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். கட்கியை ஆங்கிலேயர் ‘கிர்க்கி’ என்று எழுதியதன் மிச்சம் அது. 2021-இல் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கட்கி ஆலை புணேவைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

.315 என்ற அளவு பிறந்ததற்குக் காரணம் ஆங்கிலேயரின் அச்சம். ராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா தனியார் கைக்குப் போகக்கூடாது என்று காலனி அரசு தடுத்தது. ராணுவத் துப்பாக்கியின் அதே லீ-என்ஃபீல்ட் பொறியமைப்பில் வேறொரு தோட்டாவைப் பொருத்தி விற்க வழி தேடிய பி.எஸ்.ஏ. போன்ற துப்பாக்கி நிறுவனங்கள், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8×50 மில்லிமீட்டர் விளிம்புத் தோட்டாவை எடுத்துக்கொண்டன. 8 மில்லிமீட்டர் என்பதே அங்குலக் கணக்கில் .315. விடுதலைக்குப் பின் இச்சாபூர் அந்த மரபைத் தொடர்ந்தது. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட குழலளவுதான்.

வேட்டைத் துப்பாக்கி என்ற பெயர் நிலைத்துவிட்டது, வேட்டைதான் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல உரிய வன அதிகாரியின் உத்தரவு வேண்டும். கேரளத்தில் 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டு, உரிமம் பெற்றவர்கள் அப்பணிக்கு அழைக்கப்பட்டார்கள். அந்த வேலையில் குறி தவறினால் காயம்பட்ட விலங்கு ஊருக்குள் ஓடும். அதனால் கையிலிருக்கும் பழைய துப்பாக்கியைத் துல்லியமாக்குவது வெறும் ஆசைக்காகச் செய்யும் காரியம் அல்ல.

அமெரிக்காவில் இதே வேலை எளிது. விசைத் தொகுதி, செயற்கைக் கட்டை, புதுக்குழல் எல்லாம் கடையில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அந்த அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குழலைக் குட்டையாக்குவதும் ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் உரிமமின்றிச் செய்தால் குற்றம். பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். தோட்டாவை வீட்டில் நிரப்புவதும் அப்படியே. புணே மாநகரில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். ஒருவர் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் உரிமப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

இனி பணத்தை எங்கே செலவிடுவது என்பதைப் பார்க்கலாம். முதல் செலவு உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கான கூலி. லீ-என்ஃபீல்ட் போல்ட்டின் முனை தனித்துண்டாகத் திருகிப் பொருத்தப்படுவது. தேய்ந்த முனைக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி கூடினால் குப்பி கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும். இந்த இடைவெளியை அளவுக்கோல் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டுவது எந்த நிலையிலும் கூடாது. குழல்வாயின் விளிம்பில் நசுங்கலோ கீறலோ இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அந்தச் சிறு பழுது குண்டின் திசையையே மாற்றிவிடும்.

அடுத்தது துப்புரவு. ஏறக்குறைய செலவே இல்லாத இதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து குழலுக்குள் உப்பைப் படியவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். புணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். துடைக்காமல் உறையில் செருகிய குழலில் சில நாளிலேயே துரு பிடிக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. முதலில் வெந்நீர், பிறகு உலர்ந்த துணி, கடைசியில் மெல்லிய எண்ணெய். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் அது வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் பூசுவதும் திரும்பப் பெற்றவுடன் துடைப்பதும் தவறக்கூடாதவை.

மூன்றாவது மரக்கட்டை. இத்துப்பாக்கியில் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி. பின்கட்டையை இறுக்கும் நீண்ட திருகு தளர்ந்தால் குறி சிதறும். முன்கட்டை ஈரத்தில் உப்பினாலோ காய்ந்து சுருங்கினாலோ குழலை ஒரு பக்கமாக அழுத்தும். ஒற்றைக் கட்டைத் துப்பாக்கிகளில் செய்வதுபோல் குழலைக் கட்டையில் படாமல் முழுதும் விடுவிப்பது இதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது. கட்டை எங்கே தாங்க வேண்டுமோ அங்கே சீராகத் தாங்கும்படி செதுக்கிப் பொருத்துவதே சரி. தோளில் பதியும் ரப்பர் பட்டையும் கன்னம் தாங்கும் தோல் உறையும் மலிவானவை. சுமார் 15.8 கிராம் எடையுள்ள குண்டு தரும் உதையைத் தாங்க அவை உதவும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கமும் குறையும்.

தொலைநோக்கி பொருத்த எஃகில் துளையிட வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற கைவினைஞரால் மட்டும் ஆகக்கூடிய, செலவு கூடிய வேலை அது. பின்புறம் சிறுதுளை வழியாகக் குறிபார்க்கும் வளையம் பொருத்துவது அதைவிடச் சிக்கனம். லீ-என்ஃபீல்ட் போட்டியாளர்கள் பல பத்தாண்டுகள் பார்க்கர்-ஹேல் நிறுவனத்தின் வளையங்களைக் கொண்டே சுட்டார்கள். விசையை இலேசாக்கத் தேய்ப்பதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். அளவு மீறித் தேய்த்த விசை, போல்ட்டை மூடும்போதே வெடிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தருவது பயிற்சி. தோட்டா வரம்பு குறைவு என்பதால் உண்மைத் தோட்டா இல்லாமல், போலித் தோட்டா இட்டு விசையிழுக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். ஆற்றல் குறைந்த .177 காற்றுத் துப்பாக்கியும் உதவும். பயிற்சியின் பலனுக்குப் புணேயிலேயே சான்று உண்டு. கோல்ஹாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடியில் பிறந்து, மத்திய ரயில்வேயின் புணே கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றிய ஸ்வப்னில் குசாலே பயிற்சி பெற்றது புணேயின் பாலேவாடி சுடுதளத்தில். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் அவர் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார்.