நாயின் இதயக் கதவு: மைட்ரல் வால்வு நோயைப் புரிந்துகொண்ட அறுபது ஆண்டுகள்

அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த நாய்களின் இதயங்களை டேவிட் டெட்வைலரும் டொனால்ட் பேட்டர்சனும் வரிசையாகப் பரிசோதித்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள். ஸ்டெத்தஸ்கோப், ஈசிஜி, எக்ஸ்ரே, இறந்த நாய்களில் பிரேதப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் 1965இல் வெளியிட்ட முடிவு, நாய்க்கும் முதுமைக்கும் உள்ள உறவில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்தது. பிறவியில் இல்லாமல் பின்னர் வரும் இதய நோய்களில் முதலிடம் வால்வு நோய்க்கே. வயது ஏற ஏற அது பெருகுகிறது.

இன்று நாய்களின் இதய நோயில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த ஒரு நோய்தான் என்று கணக்கிடுகிறார்கள். இருபது கிலோவுக்குக் குறைந்த சிறிய நாய்களையே இது அதிகம் தாக்குகிறது. டாக்ஸ்ஹண்ட், பூடில், எல்லாவற்றுக்கும் மேலாக கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்.

நம் ஊரில் வால்வு நோய் என்றால் சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவுதான் பலருக்கு நினைவு வரும். நாயின் நோய் அந்த வகையல்ல. கிருமித் தொற்று இல்லை, அழற்சியும் ஏறக்குறைய இல்லை. வால்வின் திசு தானே உருமாறிப் போகிறது.

மூன்று அடுக்குகள்

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வுக்கு இரண்டு மெல்லிய இதழ்கள். நிமிடத்துக்கு நூறு முறை துடிக்கும் நாயின் இதயத்தில் அவை ஒரே நாளில் ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம் முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வோர் இதழுக்குள்ளும் மூன்று அடுக்குகள் உண்டு. மேலறைப் பக்கம் நெகிழ்வு தரும் எலாஸ்டின் நார்கள். நடுவில் நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு போன்ற அடுக்கு. கீழறைப் பக்கம் பாரம் தாங்கும் கொலாஜன் நார்கள்.

நோய் வந்தால் நடு அடுக்கு ஊதிப் பெருக்கிறது. கொலாஜன் நார்கள் ஒழுங்கு குலைந்து சிதைகின்றன. இதழின் ஓரம் முடிச்சு முடிச்சாகத் தடித்துச் சுருள்கிறது. அதைக் கட்டிப் பிடித்திருக்கும் நாண்கள் நீண்டு, சில வேளை அறுந்தும் போகின்றன. கதவு சரியாகச் சாத்தாததால் ரத்தம் மேலறைக்கே திரும்பிப் பாய்கிறது. மருத்துவரின் காதில் விழும் முணுமுணுப்பு ஒலி அந்தப் பின்னோட்டத்தின் ஒலிதான். ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் நுரையீரல் வரை ஏறி, அங்கே நீர் கோத்து, நாய் மூச்சுக்குத் திணறுகிறது.

லண்டன் நோயியலாளர் ஏரியலா பொமரன்ஸும் கால்நடை ஆய்வாளர் விட்னியும் 1970இல் மனித வால்வையும் நாய் வால்வையும் ஒப்பிட்டு, இரண்டிலும் காணும் மாற்றங்கள் ஒத்திருப்பதைக் காட்டினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஜோஹன்னஸ்பர்க்கின் ஜான் பார்லோ, மனிதரில் மைட்ரல் இதழ் பின்புறமாகப் பிதுங்குவதை விளக்கியிருந்தார். நாயைப் படித்தால் மனிதரும் விளங்கும், மனிதரைப் படித்தால் நாயும் விளங்கும் என்ற இருவழிப் பாதை அங்கே தொடங்கியது. ஆனால் காரணம் என்ன என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், ஓயாத உழைப்பால் வந்த தேய்மானம் என்பதுதான். அந்தப் பதில் சிறிய நாய்களையே இது ஏன் அதிகம் தேடிப் பிடிக்கிறது என்பதை விளக்கவில்லை.

உடல் மெலிய ஒரு மாத்திரை

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1997இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், உடல் எடையைக் குறைக்க ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் மருந்துகளைச் சேர்த்து எடுத்துக்கொண்ட 24 பெண்களின் வால்வுகள் பழுதானதை அறிவித்தார்கள். அதே ஆண்டு ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2000இல் காரணம் தெளிந்தது: அந்த மருந்து உடலில் உருவாக்கும் பொருள் வால்வுச் செல்களில் உள்ள 5-எச்டி2பி என்ற செரட்டோனின் ஏற்பியைத் தூண்டுகிறது. வால்வு என்பது உயிரற்ற தோல் துண்டு அல்ல; ரசாயனச் செய்தியைக் கேட்டு வளரும் திசு என்பதற்கு அது வலுவான சான்று.

நாய் ஆய்வாளர்கள் தம் நோயாளிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மார்க் ஓயாமாவும் ஸ்ரீதர் சிட்டூரும் 2006இல் நோயுற்ற நாய் வால்வுகளின் மரபணுச் செயல்பாட்டை அலசியபோது, செரட்டோனினும் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியும் சார்ந்த பாதைகள் மாறியிருந்தன. 2009இல் வந்த ஓர் ஆய்வு, நோயுற்ற நாய்களின் ரத்தத்தில் மட்டுமன்றி, இன்னும் நலமாக உள்ள கேவலியர்களின் ரத்தத்திலும் செரட்டோனின் கூடுதல் என்றது. பின்னர் சிக்கலும் தலைகாட்டியது. நோய் முற்றிய நாய்களின் ரத்தத்தில் செரட்டோனின் குறைவாகவே இருந்தது. அவற்றின் வால்வு இதழிலோ கூடுதலாக இருந்தது.

ரத்தத்திலிருந்து வராவிட்டால் வேறெங்கிருந்து? கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஆர்ட்டன் குழு, நாய் வால்வு இதழ்களை ஆய்வகத்தில் வளர்த்து, இதயத் துடிப்பைப் போல இழுத்து இழுத்து விட்டது. இழுபட்ட இதழ் தானே செரட்டோனினைச் சுரந்தது. நோய்க்குரிய புரதங்களும் கூடவே ஏறின. 2012இல் வெளிவந்த இம்முடிவு, பழைய தேய்மானக் கருத்தைத் தள்ளிவிடாமல், இழுவிசை எந்த வழியாகச் செல்லைப் போய்ச் சேர்கிறது என்று காட்டியது.

உறங்கும் செல்லும் மூத்த செல்லும்

நலமான வால்வுக்குள் இருக்கும் இடைத்திசுச் செல்கள் அமைதியானவை. கொலாஜனைப் பழுதுபார்ப்பதோடு அவற்றின் வேலை முடிகிறது. நோயில் அவை தசைச் செல்லின் சாயல் கொண்ட மையோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, கொலாஜனை வெட்டும் நொதிகளையும் பஞ்சு அடுக்கை ஊதவைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளையும் கொட்டுகின்றன. இந்த மாற்றத்தை முடுக்கும் முதன்மைச் செய்தி டிஜிஎஃப்-பீட்டா. மார்ஃபான் என்ற பரம்பரை இணைப்புத்திசு நோயுள்ள எலிகளில் வால்வு கெடுவதற்கு இதே மூலக்கூறு காரணம் என்று 2004இல் ஹாரி டீட்ஸ் குழு காட்டியிருந்தது.

முதுமை எங்கே நுழைகிறது என்பதை எடின்பரோவில் பிரெண்டன் கார்க்கரன் இடம்பெற்ற குழு 2022இல் சொன்னது. நோயுற்ற நாய் வால்வின் செல்கள் பெருகுவதை நிறுத்தி, ஆனால் சாகாமல், சுற்றுப்புறத்தைக் கெடுக்கும் பொருள்களைச் சுரந்தபடி மூத்துப்போய்க் கிடந்தன. டிஜிஎஃப்-பீட்டா தூண்டும் எம்டிஓஆர் என்ற செல்லின் உட்செய்திப் பாதையை அடைத்தபோது, வளர்ப்புத் தட்டில் அந்த மூப்பின் அடையாளங்கள் தணிந்தன.

மருந்தும் மரபும்

தட்டில் நடந்தது இன்னும் நாயின் இதயத்துக்கு மருந்தாக வந்து சேரவில்லை. 2016இல் வெளியான எபிக் ஆய்வு, 11 நாடுகளில் 360 நாய்களைத் தொடர்ந்து கவனித்து, இதயம் பெரிதாகியும் அறிகுறி தோன்றாத நிலையிலேயே பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பை ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போடலாம் என்று நிறுவியது. நாயை வளர்ப்பவருக்கு அது மிகப் பெரிய காலம். ஆயினும் அம்மருந்து இதயத் தசைக்கு வலுவூட்டி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறதே தவிர வால்வைத் தொடுவதில்லை. ஜப்பானில் கால்நடை அறுவை மருத்துவர் மசாமி உவேச்சி நாண்களைச் செயற்கை இழையால் மாற்றி வால்வையே செப்பனிடுகிறார். அந்தத் திறந்த இதய அறுவை மிகச் சில நாய்களுக்கே வாய்க்கிறது.

மரபியல் சொன்ன செய்தி கடுமையானது. 2021இல் சுவீடன் ஆய்வாளர்கள் எட்டு இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, கேவலியர் இனத்திலேயே தீங்கான மாற்றங்கள் மிகுதியாகச் சேர்ந்திருந்தன. அவற்றில் இதயத் தசையில் வேலை செய்யும் நெபுலெட் மரபணுவின் மாற்றங்களை அவர்கள் வால்வு நோயோடு தொடர்புபடுத்தினார்கள். அழகான முகத்துக்காகச் சில நாய்களையே திரும்பத் திரும்ப இணைசேர்த்த மனிதரின் தேர்வு அந்தச் சுமையை இனம் முழுவதும் பரப்பிவிட்டது.

தேர்வை மாற்றினால் சுமை குறையுமா? டென்மார்க்கில், இணைசேர்க்கும் முன் ஒவ்வொரு கேவலியரின் இதயத்தையும் ஸ்டெத்தஸ்கோப்பாலும் எக்கோ எனும் ஒலி அலைப் படத்தாலும் பரிசோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. எட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பின், பெற்றோர் இருவரும் தேர்ச்சி பெற்ற குட்டிகளில் நோய் வரும் வாய்ப்பு 73 விழுக்காடு குறைந்திருந்ததாக 2016இல் அங்குள்ள ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.