கோழி கொத்தினால்தான் போர்!

கோழி என்றதும் பலருக்கும் குழம்பும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பண்டைய ரோமில், போருக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லும் இடத்தில் கோழி இருந்தது!

கோழி ஐரோப்பாவின் சொந்தப் பறவை அல்ல. அதன் மூதாதை ஆசியக் காட்டுக்கோழி. கிரேக்கர்கள் அதைப் 'பாரசீகப் பறவை' என்றும் அழைத்தார்கள். கி.மு. 399-ல் விஷம் குடித்து இறக்கும் தறுவாயில் சாக்ரடீஸ், மருத்துவக் கடவுள் அஸ்கிளீபியசுக்கு ஒரு சேவல் கடன் இருப்பதாகச் சொன்னாராம். இதை எழுதி வைத்தவர் அவருடைய சீடர் பிளேட்டோ.

ரோமர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படையோடு கூண்டில் புனிதக் கோழிகளும் போகும். அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஓர் ஆள் உண்டு. போருக்கு முன் அவர் தீனி போடுவார். கோழிகள் அவசரமாகக் கொத்தி, அலகிலிருந்து தீனி தரையில் சிந்தினால் நல்ல சகுனம். தின்ன மறுத்தால் கெட்ட சகுனம்.

கி.மு. 249-ல் சிசிலியின் டிரெபனா துறைமுகத்தில் இருந்த கார்த்தேஜ் கப்பற்படையைத் தாக்கப் புறப்பட்டார் ரோமத் தளபதி கிளாடியஸ் புல்கர். கோழிகள் தின்னவில்லை. 'தின்னாவிட்டால் தண்ணீராவது குடிக்கட்டும்' என்று அவற்றைக் கடலில் எறியச் செய்தார் என்பது கதை. அன்று ரோமர்கள் இழந்தவை 93 கப்பல்கள். ஊர் திரும்பிய புல்கர் மீது வழக்கு நடந்து, பெரும் அபராதமும் விழுந்தது.

தோல்விக்குக் காரணம் கோழிதானா? சுமார் நூறு ஆண்டுகள் கழித்து இந்தப் போரை விவரித்த பாலிபியஸ் கோழியைப் பற்றிப் பேசவே இல்லை. துறைமுக வாயிலில் ரோமக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதையும், கரையோரம் ஒதுக்கப்பட்டுத் திரும்ப இடமின்றித் தவித்ததையும்தான் அவர் சொல்கிறார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கி.மு. 293-ல் அக்விலோனியா போருக்கு முன் கோழிகள் தின்னவில்லை. தீனி போட்டவர் நல்ல சகுனம் என்று பொய் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்தும் தளபதி பாபிரியஸ் பின்வாங்கவில்லை. பொய் சொன்னவரை முன்வரிசையில் நிறுத்தினார். எங்கிருந்தோ வந்த ஈட்டி பாய்ந்து அவர் இறந்தார். கடவுள் தண்டித்துவிட்டார் என்று வீரர்கள் உற்சாகமானார்கள். ரோம் வென்றது!

இருவரும் கோழியின் பேச்சைக் கேட்கவில்லை. ஒருவர் வீரர்களின் நம்பிக்கையைத் தூக்கி எறிந்தார். மற்றவர் அதைக் காப்பாற்றிக்கொண்டார்.

சகுனம் பார்க்கும் குழுவில் தானே உறுப்பினராக இருந்த சிசரோ, பின்னாளில் இதைக் கிண்டல் செய்தார். கூண்டில் பட்டினி கிடக்கும் கோழி தீனியைக் கண்டால் கொத்தத்தானே செய்யும்!

ஆக, முடிவு கோழியின் அலகில் இல்லை. தீனி போட்டவர் கையில் இருந்தது.