கிளாரா என்றொரு பெயர்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்து வீடுகளில் விறகடுப்பு முன்னால உட்கார்ந்தால் முதலில் கண்தான் எரியும். ஆனால் புகை கண்ணோடு நின்றுவிடாது. அதன் நுண்துகள்கள், மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்து 1 மில்லிமீட்டருக்கும் மெலிந்துபோகிற இடம் வரை இறங்கும். அங்கே குருத்தெலும்பு கிடையாது. மயிரிழைச் செல்களுக்கு நடுவே, தலையைக் குவிமாடம் மாதிரி தூக்கிக்கொண்டு ஒரு செல் நிற்கும். நஞ்சை முறிக்கும் நொதிகள் அதனிடம் உண்டு. குழலின் சுவர் புண்பட்டால் தானே பிளந்து புதுச் செல்களைத் தரும். காவலாளியும் அதுதான், கொத்தனாரும் அதுதான்.

பழைய பாடநூல்களில் இதற்குக் கிளாரா செல் என்று பெயர். கேட்டால் யாரோ ஒரு பெண்ணின் பெயர் போல இருக்கும். மாக்ஸ் கிளாரா ஓர் ஆண். லைப்சிக் பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியர், நாஜிக் கட்சி உறுப்பினர். இந்தச் செல்லை 1881லேயே கோலிகர் பார்த்திருந்தார். கிளாரா 1937ல் மனித நுரையீரலில் அதை விரிவாக வர்ணித்தார், பெயர் அவருக்குப் போய்விட்டது. உயிர் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே இந்தச் செல்கள் சிதையத் தொடங்கும் என்பதால் நுண்ணோக்கிக்குப் புத்தம்புதுத் திசு வேண்டும். கிளாராவுக்கு அது கிடைத்தது, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் உடலிலிருந்து.

போருக்குப் பிறகு அவர் இஸ்தான்புல்லில் பேராசிரியரானார். 1966ல் இறந்தார். 2010ல் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் இதையெல்லாம் எழுதிய பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. 2013லிருந்து முக்கிய நுரையீரல் இதழ்கள் ‘கிளப் செல்’ என்று மாற்றிக்கொண்டன. கிளப் என்றால் இங்கே கதாயுதம், செல்லின் உருவத்தை வைத்து இட்ட பெயர்.

மாற்றியது சரிதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இதே மலையில் காவலூர் வானாய்வகம் 1988ல் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு, பார்த்தவர்கள் தங்கள் பெயரை வைக்கவில்லை, ராமானுஜன் என்று வைத்தார்கள். இங்கே பார்த்தவனின் பெயரை அழித்துவிட்டு ஓர் ஆயுதத்தின் உருவத்தை எழுதியிருக்கிறோம். நுரையீரலைக் கொடுத்தவன், கொடுத்தவன்கூட இல்லை, பறிகொடுத்தவன், 1937லும் பெயரில்லாமல் இருந்தான், 2013லும் அப்படித்தான். கிளாரா என்ற சொல் இருந்தவரையாவது, யாரந்த கிளாரா என்று ஒரு மாணவர் கேட்டால் பேச்சு அந்தக் கைதியிடம் போய் நிற்க வழி இருந்தது.