குவாலிஸ்: பழைய வண்டியும் திருப்தியான சொந்தக்காரர்களும்

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் மாதத்துக்கு இரண்டு ராத்திரி வண்டிகள் நெரியும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல், பௌர்ணமிக்கு அண்ணாமலையார் கிரிவலம். செஞ்சிப் பக்கத்து ஊர்களில், உதாரணத்துக்கு தளவானூரில் (முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோவில் இருக்கிறதே, அதே தளவானூர்தான்), ஒரு குடும்பம் கோவிலுக்குக் கிளம்பினால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு முடியாது. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா, கூடவே பொங்கல் வைக்கிற பாத்திரம், விறகு. மாருதி 800 இதற்கெல்லாம் தாங்குமா?

அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு 1990களில் இருந்த வழி டாடா சுமோ அல்லது மகிந்திரா ஜீப் வகையறா. 2000 ஜனவரியில் இன்னொன்று சேர்ந்தது. டொயோட்டா குவாலிஸ்.

இன்றைக்கு உயரமாக இருக்கிற எல்லாவற்றையும் எஸ்.யு.வி. என்கிறோம். அப்போது குவாலிஸ், சுமோ எல்லாம் எம்.யு.வி. கணக்கு. ஊரில் அதெல்லாம் யார் பார்த்தார்கள், "பெரிய வண்டி", அவ்வளவுதான்.

குவாலிஸ் வந்தபோது வாகனப் பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. காரணம் இருந்தது. அது புது வண்டியே கிடையாது. இந்தோனேசியாவில் டொயோட்டா 1977 முதல் விற்றுவந்த 'கிஜாங்' (அந்த ஊர் மொழியில் ஒருவகை மான்) என்ற வண்டியின் மூன்றாம் தலைமுறை 1986 இல் வந்தது. குவாலிஸ் அதன் வழிவந்தது. இந்தோனேசியாவில் 1997 இலேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அங்கே ஓய்வு பெற்றதை இங்கே புதுப் பெயரில் இறக்கினார்கள். இதே வண்டியின் பிலிப்பைன்ஸ் வடிவம் 'டமராவ் எஃப்எக்ஸ்'. அங்கே ஷேர் டாக்சிக்கே 'எஃப்எக்ஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

உள்ளே 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், 75 குதிரைத்திறன், டர்போ கிடையாது. பின்னால் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங். வடிவம் பிரெட் டப்பா. ஏற்கெனவே 1980களில் டி.சி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து சிறு லாரி செய்து, பிறகு விலகிப்போன நிறுவனம் டொயோட்டா. இரண்டாவது முறை கிர்லோஸ்கரோடு 1997 இல் கூட்டுச் சேர்ந்து, பெங்களூர் பக்கம் பிடதியில் தொழிற்சாலை போட்டு, முதலில் கொண்டுவந்த சரக்கு இது. "இந்தியனுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள்" என்று கோபப்பட யாருக்கும் உரிமை இருந்தது.

ஆனால் வாங்கியவர்கள் கோபப்படவில்லை. இதுதான் இந்தக் கதையில் சுவாரசியமான இடம்.

நிற்க. வாகனச் சொந்தக்காரரின் திருப்தியை அளக்கும் தொழில் எப்படி வந்தது என்று ஒரு சின்ன பிளாஷ்பேக். ஜே.டி. பவர் என்பவர் 1968 இல் கலிபோர்னியாவில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்த கம்பெனி அது. ஆரம்ப கால வாடிக்கையாளர்களில் டொயோட்டாவும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அவர்கள் மாஸ்டா ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். வந்த பதில்களைக் கணக்கெடுத்த அவர் மனைவி ஜூலிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். நீண்ட தூரம் ஓடிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு எஞ்சின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் போய்விட்டிருந்தது. வாங்கிய புதிதில் கேட்டிருந்தால் அத்தனை பேரும் சந்தோஷமாகத்தான் பதில் எழுதியிருப்பார்கள்.

இந்தியாவுக்கும் இந்தக் கணக்கெடுப்புகள் வந்தன. சேவை திருப்தியில் 2000 முதல் தொடர்ந்து பத்து ஆண்டு மாருதி முதலிடம். ஆனால் இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களைக் கேட்கும், மிஞ்சிப் போனால் மூன்று வருஷம். தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் பெரிய வண்டி வாங்கினால் மூன்று வருஷத்தில் கடனே அடைந்திருக்காது!

அதனால் குவாலிஸ் விஷயத்தில் திருப்தியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். வணிகவியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு இடம், தேய்மானம். வருமான வரிக் கணக்கில் தொழிலுக்கு வாங்கிய காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், குறைந்த மதிப்பின் மேல். 10 லட்சம் ரூபாய் வண்டி ஐந்தாம் ஆண்டு முடிவில் புத்தகத்தில் சுமார் 4.44 லட்சம், பத்தாம் ஆண்டு முடிவில் 1.97 லட்சம். நிஜ சந்தையில் பல வண்டிகள் இதைவிட வேகமாக விழும். குவாலிஸ் அப்படி விழவில்லை. பழைய வண்டிச் சந்தையில் அது தேடிப்பிடித்து வாங்கும் பொருளாகவே பல காலம் இருந்தது. வைத்திருப்பவன் விற்க மனமில்லாமல் இருந்தான், வாங்க வந்தவன் ஓடிய கிலோமீட்டரைக் கேட்டுப் பயப்படவில்லை. இதைவிட நேர்மையான கேள்வித்தாள் எது?

காரணம் என்ன? எதைப் பத்திரிகைகள் குறை என்றார்களோ அதேதான். எஞ்சின் பல நாட்டில் பல வருஷம் அடிபட்டுத் தேறியது. எலக்ட்ரானிக்ஸ் மிகக் குறைவு. செஞ்சியிலோ அவலூர்பேட்டையிலோ ஒரு சாதாரண மெக்கானிக் பானெட்டைத் திறந்தால் எது எங்கே என்று புரியும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க விழுப்புரமோ புதுச்சேரியோ போக வேண்டாம். 75 குதிரைத்திறன் என்பதால் யாரும் அதை விரட்டவும் முடியாது. விரட்டப்படாத எஞ்சின் நீடிக்கிறது.

இதற்கு நேர் எதிரான பாதையில் வந்தது மகிந்திரா ஸ்கார்பியோ. 2002 ஜூனில் அறிமுகம். பவன் கோயங்கா தலைமையில் இந்தியாவிலேயே உருவாக்கிய வண்டி, சுமார் 600 கோடி ரூபாய் செலவு. ஒரு புது மாடலுக்கு உலக நிறுவனங்கள் செலவழிப்பதைப் பார்த்தால் இது கொசுறு. பார்த்தவுடன் பிடிக்கும், கம்பீரம் இருக்கும், ஆனால் ஆரம்ப கால வண்டிகளைப் பற்றிக் குறை சொன்னவர்களும் நிறைய. மகிந்திரா அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காமன் ரெயில் எஞ்சின் வந்தது, பிறகு எம்-ஹாக் எஞ்சின், 2014 இல் புது சட்டகம். இருபது வருஷம் கழித்து 2022 ஜூலை 30 அன்று ஸ்கார்பியோ-என் முன்பதிவைத் திறந்தபோது அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். டெஸ்ட் டிரைவ் கூட பண்ணாதவர்கள் அதில் எத்தனை பேரோ :-)

ஆக, ஒன்று மாறாமல் திருப்தி கொடுத்தது, இன்னொன்று மாறி மாறிக் கொடுத்தது.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பை இல்லாத ஸ்கார்பியோவை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். (ஸ்கார்பியோ-என் 2022 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது வேறு கதை.) குவாலிஸை அப்படி மோதவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதன் ரசிகர்கள் யோசிப்பதில்லை. பத்து சீட் வண்டியில் பின்னால் பக்கவாட்டு சீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போன குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். திருப்தி என்பது ஊர் வந்து சேர்ந்தவர்கள் சொல்வது. வந்து சேராதவர்களிடம் யாரும் கேள்வித்தாள் நீட்டுவதில்லை. "என் வண்டி பதினைந்து வருஷமாக ஒரு பிரச்சினையும் தரவில்லை" என்பதற்கும் வண்டி பாதுகாப்பானது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, குவாலிஸ் என்ன ஆயிற்று? நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005 தொடக்கத்தில் டொயோட்டா அதை நிறுத்திவிட்டது. அப்போது பி.பி.ஓ. கம்பெனிகள் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போக அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. ஓடுகிற குதிரையை யாராவது இறக்குவார்களா என்று வியாபாரம் தெரிந்தவர்களே தலையைச் சொறிந்தார்கள். டொயோட்டாவின் கணக்கு வேறு. வளரும் நாடுகளுக்கென்று 2004 இல் ஆரம்பித்த ஒரு பொது அடித்தளத்தில் இருந்து இன்னோவா தயாராக இருந்தது. 2005 இல் இந்தியாவுக்கு வந்தது. பிறகு 2016 இல் கிரிஸ்டா, 2022 இறுதியில் ஹைகிராஸ். இன்னோவாவின் புகழ் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரசியல்வாதி வீட்டு வாசலைப் பார்த்தாலே போதும். குவாலிஸ் வைத்திருந்த பல குடும்பங்கள் அடுத்து இன்னோவாவுக்குப் போயின. இன்னும் சிலர் அந்த பிரெட் டப்பாவையே வைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு இப்போது அரசாங்கம் கணக்குப் போட வைத்திருக்கிறது. டில்லியில் பத்து வயது டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015 இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. தமிழ்நாட்டில் அப்படி வயது வரம்பு இல்லை. 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் கார்களுக்கு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு மட்டும் 10,000 ஆக்கினார்கள். கடைசி குவாலிஸ் வந்தது 2005 என்பதால் இந்தியாவில் ஓடும் எல்லா குவாலிஸும் இன்று இந்தப் பட்டியலில்தான்.

10,000 ரூபாய் ஐந்து ஆண்டுக்கு என்றால் ஆண்டுக்கு 2,000. மூன்றாம் நபர் காப்பீடு, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 2022 இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 7,897, வரி தனி. இதோடு டயர், ஆயில், பசுமை வரி எல்லாம் சேர்த்தாலும் ஒரு புது ஹைகிராஸுக்குக் கட்டுகிற இரண்டு மாதத் தவணை அளவுக்கு வருமா என்பது சந்தேகம். வண்டி அடுத்த அமாவாசைக்கும் மலையனூர் போய்த் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். பின் சீட்டில் இப்போது பேரப்பிள்ளைகள் உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள், அதே பெல்ட் இல்லாத சீட்டில்.