ஜன்னலில் கற்ற இங்கிலீஷ்

ஓர் ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ரயில் நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு கிழவிகள். ஒருத்திக்குத் தெலுங்கு, மற்றவளுக்குத் தமிழ். "டிக்கட் எந்த?" என்றாள் முன்னவள். "ரேட்டு ஏறிப்போச்சும்மா" என்றாள் பின்னவள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இருவரையும் சேர்த்து வைத்தது இங்கிலீஷ்!

இதே ஊருக்காக ஒரு காலத்தில் பெரிய வழக்கு நடந்தது. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சி. முதலானோர் போராடினார்கள். 1960 ஏப்ரல் முதல் தேதி ஊர் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இடைப்பட்ட ஆறரை வருஷமும் 'டிக்கட்'டுக்கு மட்டும் எல்லைத் தகராறு இல்லை. அது இரண்டு கட்சிக்கும் பொதுச் சொத்து.

நம் ஜனங்கள் அந்தப் பாஷையைப் புத்தகத்தில் படித்தார்களா? இல்லை. காசு கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் காதால் கற்றார்கள். 1871-இல் திருத்தணி வழியாகப் போகும் சென்னை - பம்பாய் ரயில் பாதை முழுமை பெற்றது. ஸ்டேஷனும் லக்கேஜும் வந்தன. 1879-இல் காலணாக் கார்டு வந்தது, 1880-இல் மணியார்டர், 1882-இல் தபாலாபீஸ் சேவிங்ஸ் பாங்க். கைநாட்டு வைக்கிறவளுக்கும் 'மணியார்டர்' வாயில் வந்துவிடும். மகன் அனுப்பிய பணமல்லவா!

கடன் ஒரு பக்கமாகவே போகவில்லை. கம்பெனியார் சென்னையில் 80 'காஷ்' ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு எழுதினார்கள். அந்தச் சில்லறைக் 'காஷ்', நம் காசுதான்; போர்த்துகீசியர் வாயில் புகுந்து இங்கிலீஷ்காரனிடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் காதால் கற்கிற கல்விக்குச் சம்பளம் உண்டு. என் பாட்டி திருத்தணியில் மோர் விற்றவள். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு பைசா. கணக்குப்படி ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு ஆறு, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று சர்க்கார் அட்டவணை போட்டது. பாட்டி நாலு பேருக்கு ஓரணா மோர் ஊற்றினாள், கையில் இருபத்துநாலு. அதை எடுத்துக்கொண்டு நாலணாவுக்குப் பருப்பு வாங்கப் போனாள். "இன்னும் ஒரு பைசா" என்றார் கடைக்காரர்.

"ஏன் சாமி?"

"ரவுண்டு பண்ணிட்டாங்க ஆயா."

அன்றைக்குக் கற்ற 'ரவுண்டு' என்ற வார்த்தையைப் பாட்டி சாகிறவரை மறக்கவில்லை. யாராவது கணக்கில் குறைத்துக் கொடுத்தால், "என்னடா, ரவுண்டு பண்றியா?" என்பாள்.

இப்போது வீட்டுக்கு வீடு 'ஓ.டி.பி.' என்ற வார்த்தை புகுந்திருக்கிறது. முகம் தெரியாதவன் போனில் கேட்டால், பெரியவர்கள் சிலர் மரியாதையாகச் சொல்லியும் விடுகிறார்கள். வார்த்தை காதில் விழுந்துவிட்டது. அது பெட்டிச் சாவி என்பதை யாரும் சொல்லவில்லை. பாட்டிக்குப் போனது ஒரு பைசா. இவர்களுக்குப் போவது ஆயுள் சேமிப்பு.