ஐந்திலக்கத் தந்தியிலிருந்து செயற்கைக்கோள் வரை: வானிலைத் தரவுப் பகிர்வில் புது தில்லியின் இடம்

தில்லி சரோஜினி நகருக்கு வடகிழக்கே சப்தர்ஜங் விமான நிலையம் உள்ளது. அப்பெயரைத் தாங்கிய வானிலை நிலையத்தை உலகின் பிற வானிலை மையங்கள் 42182 என்ற எண்ணால் அறிகின்றன. விமான நிலையத்தைக் கடந்தால் லோதி சாலையில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகமான மௌசம் பவன். தெற்காசியாவின் வானிலைத் தரவை உலகத்தோடு இணைக்கும் மண்டலத் தொலைத்தொடர்பு மையம் இங்கிருந்தே இயங்குகிறது. இம்மையத்தின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக, அதாவது தந்தி, கணினி, செயற்கைக்கோள், இணையம் என்ற வரிசையில் எழுதுவதே வழக்கம். அவ்வரிசை பிழையன்று. ஆயினும், தொடர்புப் பாதை அகன்ற ஒவ்வொரு முறையும் 'எதைப் பகிர்வது, எவரோடு பகிர்வது' என்ற கேள்வியும் உடன் எழுந்ததை அது மறைத்துவிடுகிறது.

தந்திக் காலத்தில் இக்கேள்விக்குக் கட்டணமே விடை சொன்னது. சர்வதேசத் தந்தி விதிகள் எண்தொகுதிகளில் ஐந்து இலக்கங்களை ஒரு சொல்லாகக் கணக்கிட்டன. வானிலைச் செய்தியும் ஐந்திலக்கத் தொகுதிகளாகவே உருப்பெற்றது. 1982இல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில் '10325' என்ற தொகுதியைக் காண்போம். முதல் இலக்கமான 1, இது காற்றின் வெப்பநிலை என்கிறது. அடுத்த 0, அளவு சுழியத்துக்குக் கீழே இல்லை என்கிறது. எஞ்சிய 325 என்பது 32.5 பாகை செல்சியஸ். அளக்க இயலாத இடங்களில் சாய்கோடுகள் இடப்படும். எம்மொழியிலும் எழுதப்படாததால் எம்மொழியினரும் வாசிக்கத்தக்க எழுத்து அது. அதன் இலக்கணத்தை வகுத்ததில் வானிலையியலுக்கு உள்ள பங்கு தந்திக் கட்டணத்துக்கும் உண்டு. அவ்வெழுத்தில் நிலப்படத்தின் ஒரு புள்ளியில் காற்று எவ்வாறு இருந்தது என்று சொல்லலாம். ஒரு மேகத்தின் படத்தை அனுப்ப இயலாது.

1961 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, விண்வெளியின் அமைதிப் பயன்பாடு குறித்த தீர்மானத்தில், செயற்கைக்கோள்களால் வானிலையியல் அடையக்கூடிய பயனை ஆராயுமாறு உலக வானிலை அமைப்பைக் கேட்டுக்கொண்டது. அதன் விளைவாக 1963இல் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் உருவாயிற்று. வாஷிங்டன், மாஸ்கோ, மெல்பர்ன் ஆகியவை உலக மையங்களாயின. அவற்றை இணைத்த முதன்மைத் தொலைத்தொடர்பு வலையமைப்பின் மண்டல மையங்களுள் ஒன்றாகப் புது தில்லி அமைந்தது. பனிப்போர்க் காலத்தில் வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒரே குறியீட்டில் நாள்தோறும் பேசிய அவ்வலையமைப்பில், செய்தி ஒரு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்குக் கைமாறிச் சென்றது. தில்லி பெறுநர் மட்டுமல்லாது அண்டை நாடுகளின் தரவை வாங்கி மேலே அனுப்பும் இடைநிலையமும் ஆயிற்று.

இருந்தும் இந்தியப் பெருங்கடலின் மீது நிலையான கண் ஒன்று இல்லை. 1978-79ஆம் ஆண்டுகளின் உலகளாவிய வானிலைப் பரிசோதனையில், சோவியத் செயற்கைக்கோள் ஆயத்தமாகாத நிலையில், அமெரிக்காவின் கோஸ்-1 இப்பெருங்கடலுக்கு மேலே நகர்த்தப்பட்டது. பரிசோதனை முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிந்தது. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டு 30 அன்று சேலஞ்சர் விண்ணோடம் சுமந்து சென்ற இன்சாட்-1பி இந்த இடைவெளியை நிரப்பியது. தொலைபேசி, தொலைக்காட்சி, மேகப் படப்பிடிப்பு மூன்றையும் ஒரே கலத்தில் இணைத்தது அதன் தனித்தன்மை.

இவ்விணைப்பின் பயன் கடற்கரையில் தெரிந்தது. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவி சீமையைத் தாக்கிய புயல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1980களின் நடுப்பகுதியில் வட தமிழகம், தென் ஆந்திரக் கடலோரங்களில் இன்சாட் வழிப் புயல் எச்சரிக்கை வாங்கிகள் நிறுவப்பட்டன. சென்னைப் புயல் எச்சரிக்கை மையம் தேர்ந்தெடுத்த மாவட்டங்களின் வாங்கிகள் மட்டும் விழித்துக்கொள்ளும். முதலில் சங்கொலி, பின்னர் அப்பகுதியின் மொழியில் எச்சரிக்கை. தந்திக் கம்பங்கள் சாய்ந்தாலும் இவ்வழி அறுபடாது. 1990 மே மாதம் ஆந்திரக் கரையைக் கடந்த கடும்புயலில் உயிரிழப்பு ஆயிரத்துக்குள் நின்றது. பெருந்திரளான வெளியேற்றமும் புயல் காப்பிடங்களும் இதற்குத் துணைநின்றன; உரிய நேரத்தில் சென்ற செய்தி இல்லாமல் அவ்வெளியேற்றம் நிகழ்ந்திராது.

அதே செயற்கைக்கோள் உலகத்தோடு கொண்ட உறவு வேறு வகையானது. இன்சாட் படங்களிலிருந்து கணித்த காற்றளவுகள் உலக வலையமைப்பில் சென்றன. படங்களின் மூலத் தரவோ வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உடனுக்குடன் கிட்டவில்லை. 1998இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காக ஐரோப்பிய அமைப்பு தன் மீட்டியோசாட்-5 கலத்தைக் கிழக்குத் தீர்க்கரேகை 63 பாகைக்கு நகர்த்தியது. ஆய்வு முடிந்த பின்னும் அது பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. இந்தியக் கலம் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த கடலை உலகம் ஐரோப்பியக் கலத்தின் வழியே பார்த்தது. இங்கே தடை அலைவரிசையில் இல்லை, கொள்கையில் இருந்தது.

தடை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய வானிலை நிறுவனங்கள் சில தரவை விற்பனைப் பொருளாகக் கருதத் தொடங்கிய சூழலில்தான், 1995இல் உலக வானிலை அமைப்பு தன் 40ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 'இன்றியமையாத' தரவு கட்டணமின்றித் தடையின்றிப் பகிரப்படும். 'கூடுதல்' தரவுக்கு நாடுகள் நிபந்தனை விதிக்கலாம். முன்னர் தந்திக் கட்டணம் செய்த வேலையை இப்போது இரு பெயரடைகள் செய்தன. 1997இல் இந்தியா அமெரிக்க நிறுவனங்களோடு செயற்கைக்கோள் தரவுப் பரிமாற்ற உடன்படிக்கை செய்துகொண்டது. 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2 அளந்த கடற்காற்றின் தரவு ஐரோப்பிய மையங்களுக்கும் சென்றது. 2021 அக்டோபரில் நிறைவேறிய புதிய கொள்கை பழைய சொற்களை நீக்கி, 'மையத் தரவு', 'பரிந்துரைக்கப்படும் தரவு' என்ற பிரிவுகளை வைத்தது; கட்டாயப் பகிர்வின் எல்லை விரிந்தது.

இன்று வலையமைப்பு மீண்டும் மாறுகிறது. 2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள இரண்டாம் தலைமுறைத் தகவல் முறைமையில் செய்தி மையம் மையமாகக் கைமாற வேண்டியதில்லை. தரவை உருவாக்குபவர் அதனை இணையத்தில் வெளியிடுவார். அறிவிப்பு பெற்றவர் நேரே எடுத்துக்கொள்வார். ஐந்திலக்கத் தொகுதிகளின் இடத்தை இரும எண் வடிவங்கள் ஏற்கெனவே பெருமளவு பிடித்துவிட்டன. ஆனால் புயலில் முதலில் அறுபடுவது தரைவழி இணையமே. சிறு தீவு நாடுகளுக்கும் தொலைதூர நிலையங்களுக்கும் செயற்கைக்கோள் வழி இன்னும் மாற்றில்லாத் துணையாக நிற்கிறது. அதைப் பழந்தொழில்நுட்பம் என ஒதுக்கும் திட்டம் எதுவும் எவரை விட்டுவிடுகிறது என்பதைக் கணக்கிட்டாக வேண்டும்.

2024 நவம்பர் இறுதியில், பின்னர் பெஞ்சல் எனப் பெயர் பெற்ற புயற்சின்னம், முதலில் இலங்கையின் கிழக்குக் கரையை வெள்ளத்தில் ஆழ்த்தி, அதன்பின் புதுச்சேரி அருகே கரை கடந்தது. உலக வானிலை எண்முறையில் திருகோணமலையும் சென்னை மீனம்பாக்கமும் 43 என்ற ஒரே தொகுதியில் அடங்கும். அவ்வெண்களை வகுத்தவர்கள் அரசியல் எல்லைக்கு அப்பால் ஒரே வானத்தைக் கண்டார்கள். வலையமைப்பின் ஒவ்வொரு மேம்பாட்டையும் மதிப்பிடும் அளவுகோல் அங்கேயே உள்ளது: ஒரு நொடியில் எத்தனை எண்கள் செல்கின்றன என்பதோடு, திருகோணமலையில் அளந்தது சென்னைக்கு உரிய நேரத்தில் வந்ததா, சென்னையில் கணித்தது திருகோணமலைக்குச் சென்றதா என்பதையும் கேட்க வேண்டும்.