புவி நாளும் அமெரிக்க நாடாளுமன்றமும்

புவி நாள்: ஆண்டுதோறும் ஏப்ரல் 22 அன்று உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படும் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு நாள். 1970இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை முன்மொழிந்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர் கேலார்ட் நெல்சன். சட்டம் இயற்ற வேண்டியவர்கள் ஓர் அடையாளச் செயலை முன்வைத்து மக்களைத் திரட்டியதற்கு இதைவிடப் பெரிய சான்று அண்மை வரலாற்றில் இல்லை எனலாம். அந்த அடையாளம் எப்போது சட்டமாகப் பலித்தது, எப்போது வாழ்த்துச் செய்தியோடு நின்றுபோனது என்பதுதான் இந்நாளின் வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

முன்வரலாறு

மரமில்லாப் புல்வெளியாகக் கிடந்த நெப்ராஸ்காவில், பத்திரிகை ஆசிரியரும் அரசியல்வாதியுமான ஸ்டெர்லிங் மார்ட்டன் மரம் நடுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்கும் தீர்மானத்தை மாநில வேளாண் வாரியத்தில் கொண்டுவந்தார். 1872 ஏப்ரல் 10 அன்று மாநிலமெங்கும் சுமார் பத்து லட்சம் கன்றுகள் நடப்பட்டதாகச் சொல்வார்கள். 1885இல் மரம் நடும் அந்நாள் அரசு விடுமுறையானது. தேதியும் மார்ட்டனின் பிறந்தநாளான ஏப்ரல் 22க்கு மாறியது. பின்னாளில் புவி நாளும் அதே தேதியில் அமைந்தது தற்செயல்தான்.

நெல்சன் 1959 முதல் 1963 வரை விஸ்கான்சின் ஆளுநராக இருந்தவர். 1961இல் அங்கே ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அந்தப் பணத்தில் காடும் ஏரிக்கரையும் சதுப்புநிலமும் வாங்கிப் பொதுச் சொத்தாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பத்தாண்டுகளுக்கு 5 கோடி டாலர். மக்கள் அதை மனமுவந்து ஏற்றார்கள். இயற்கையைக் காக்கக் கைக்காசைக் கொடுக்கவும் மக்கள் தயார், அரசியல்வாதிகள்தாம் பின்தங்கி நிற்கிறார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போதே வேரூன்றிவிட்டது.

செனட்டுக்குப் போனதும் குடியரசுத் தலைவர் கென்னடியை வற்புறுத்தி இயற்கைப் பாதுகாப்புச் சுற்றுப்பயணம் ஒன்றுக்கு இசைய வைத்தார். 1963 செப்டம்பர் 24 அன்று பயணம் தொடங்கியது. அதே நாளில்தான் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குச் செனட் ஒப்புதல் அளித்தது. உடன் சென்ற செய்தியாளர்கள் போன இடமெல்லாம் அணுகுண்டைப் பற்றியே கேட்டார்கள். ஆறும் காடும் செய்தியாகவில்லை. தலைவர் ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினாலும் கேட்க ஆளில்லாவிட்டால் பயனில்லை என்பது அப்பயணத்தில் தெரிந்தது. அடுத்த முறை நெல்சன் மேடையையே மக்களிடம் கொடுத்ததற்கு இந்த அனுபவம் முக்கியக் காரணம் என்று கொள்ளலாம்.

1969

அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடற்கரைக்கு அப்பால் ஒரு எண்ணெய்க் கிணறு வெடித்தது. கச்சா எண்ணெய் கரையெல்லாம் பரவியது. தார் பூசியதுபோல் செத்துக் கிடந்த கடற்பறவைகளை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஜூனில் ஒஹையோவின் குயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்தது. ஆகஸ்டில் சான்டா பார்பராவை நேரில் பார்த்த நெல்சன், திரும்பும் வழியில் வியட்நாம் போரை எதிர்த்துக் கல்லூரி வளாகங்களில் நடந்த விவாதக் கூட்டங்களைப் பற்றிப் படித்தார். வழக்கமான பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து நாட்டுப் பிரச்சினையைப் பேசும் கூட்டங்கள் அவை. சுற்றுச்சூழலுக்கும் அப்படி ஒரு நாள் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. செப்டம்பர் 20 அன்று சியாட்டில் நகரில் அறிவித்தார்.

தனிக் கட்சி முயற்சியாகிவிடக் கூடாது என்பதற்காக, ஜனநாயகக் கட்சிக்காரரான நெல்சன் குடியரசுக் கட்சி உறுப்பினர் பீட் மெக்லாஸ்கியை இணைத் தலைவராக்கிக்கொண்டார். கடிதங்கள் குவிந்து செனட் அலுவலகம் திணறவே, 25 வயது ஹார்வர்ட் மாணவர் டெனிஸ் ஹேஸ் தலைமையில் தனி அலுவலகம் திறக்கப்பட்டது. வசந்தகால விடுமுறைக்கும் தேர்வுக்கும் இடைப்பட்ட புதன்கிழமை என்பதால் ஏப்ரல் 22 தேர்வானது. எந்த ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று மேலிருந்து கட்டளை எதுவும் போகவில்லை. நெல்சன் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது இதுதான்.

அந்த நாள்

சுமார் இரண்டு கோடிப் பேர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளிலும் இரண்டாயிரம் வரையிலான கல்லூரிகளிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. நியூயார்க்கில் மேயர் ஜான் லின்ட்சே ஐந்தாம் நிழற்சாலையில் வண்டிகளை நிறுத்தச் செய்தார். புகையும் ஹாரன் ஒலியும் ஓய்ந்த அந்த அகன்ற சாலையில், செத்த மீன்களை வலையில் கட்டி இழுத்தபடி ஓர் இளைஞர் கூட்டம் நடந்தது: இன்று மீனுக்கு வந்தது நாளை உங்களுக்கும் வரும் என்று வேடிக்கை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டு.

வாஷிங்டனில் நாடாளுமன்றம் அன்று அனேகமாக வெறிச்சோடியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சொந்தத் தொகுதிகளிலும் கல்லூரிகளிலும் பேசப் போயிருந்தார்கள். நெல்சன் டென்வரில் பேசினார்; ஏழ்மையும் பசியும் சேரிவாழ்வும் சுற்றுச்சூழல் பிரச்சினைகளே என்பது அவர் உரையின் சாரம். குடியரசுத் தலைவர் நிக்சனும் துணைவியாரும் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒரு மரம் நட்டார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. அன்று லெனினின் நூற்றாண்டுப் பிறந்தநாள் என்பதைக் காட்டி இது கம்யூனிஸ்ட் சதி என்றனர் வலதுசாரிகள். வியட்நாமிலிருந்து மக்கள் கவனத்தைத் திருப்பும் உத்தி என்றனர் இடதுசாரிகள். வாஷிங்டன் கூட்டத்தை எஃப்.பி.ஐ. உளவு பார்த்ததை மறு ஆண்டு செனட்டர் எட்மண்ட் மஸ்கி அம்பலப்படுத்தினார்.

சட்டங்கள்

கூட்டம் கலைந்த பிறகுதான் முக்கியமான வேலை நடந்தது. புவி நாள் அலுவலகத்தில் இருந்தவர்கள், சுற்றுச்சூழல் மசோதாக்களுக்கு எதிராக வாக்களித்துவந்த 12 உறுப்பினர்களைப் பட்டியலிட்டு, அவர்களைத் தோற்கடிக்கும்படி தேர்தலில் பிரசாரம் செய்தார்கள். 'அழுக்குப் பன்னிருவர்' என்று பெயர். 1970இல் அவர்களில் 7 பேர் தோற்றார்கள். பொதுப்பணிக் குழுவின் தலைவராக இருந்த மேரிலாந்தின் ஜார்ஜ் ஃபாலன், உட்கட்சித் தேர்தலிலேயே பால் சார்பேன்ஸ் என்ற இளைஞரிடம் இடத்தைப் பறிகொடுத்தார். மேடையில் பேசியவர்கள் அவையில் எப்படி வாக்களித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆள் இருக்கிறது என்ற செய்தி உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செயல்படத் தொடங்கியது. செனட்டில் 73க்கு 0 என்று நிறைவேறிய தூய காற்றுச் சட்டத்தில் அம்மாதம் 31ஆம் தேதி நிக்சன் கையெழுத்திட்டார். 1972இல் தூய நீர்ச் சட்டத்தைச் செலவு அதிகம் என்று அவரே தடுத்தபோது, இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடுதலான வாக்குகளால் அந்தத் தடையை முறியடித்தன. மரம் நட்டது அவருக்கு எளிதாக இருந்தது. கழிவுநீர் நிலையங்களுக்குப் பணம் ஒதுக்குவது எளிதாக இல்லை. அருகிவரும் உயிரினச் சட்டம் 1973இல் வந்தது.

பின்னர்

நெல்சன் 1980 தேர்தலில் தோற்றார். 1990இல் ஹேஸ் மீண்டும் ஒருங்கிணைத்தபோது 141 நாடுகளில் 20 கோடிப் பேர் பங்கேற்றதாகக் கூறப்பட்டது. நெல்சனுக்கு 1995இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது கிடைத்தது; 2005இல் அவர் மறைந்தார். பொலிவியாவின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏப்ரல் 22ஐ அனைத்துலகத் தாய்ப்பூமி நாளாக அறிவித்தது.

இக்காலத்தில் நாடாளுமன்றத்தில் புவி நாள் வாழ்த்துகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அடையாளத் தீர்மானம் மறுபக்கமும் வேலை செய்யும் என்பதை 1997 ஜூலை காட்டியது. வளரும் நாடுகளுக்கும் வரையறை வைக்காத அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய பருவநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது என்ற பேர்ட்–ஹேகல் தீர்மானம் செனட்டில் 95க்கு 0 என்று நிறைவேறியது. யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் கருத்துத் தீர்மானம்தான். ஆனாலும் கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தைச் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பவே கிளின்டன் அரசு முன்வரவில்லை. 2016 புவி நாளன்று பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டது. அதுவும் செனட்டின் முன் வைக்கப்படாததால், அடுத்தடுத்த ஆட்சிகள் விலகுவதும் சேர்வதும் மறுபடி விலகுவதுமாக மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன.

1970 ஜனவரியில் நெல்சன் இன்னொன்றையும் முன்மொழிந்திருந்தார்: நல்ல சுற்றுச்சூழல் ஒவ்வொருவரின் பறிக்க முடியாத உரிமை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதும் திருத்தம். நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதே கருத்து மாநிலங்களில் இடம்பிடித்தது. சட்டமன்ற உறுப்பினர் ஃபிராங்க்ளின் கரி கொண்டுவந்த அத்தகைய திருத்தத்துக்கு 1971இல் பென்சில்வேனியா மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். 1972இல் மொன்டானாவின் புதிய அரசியல் சட்டத்தில் தூய, நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமை சேர்ந்தது, 2021இல் நியூயார்க்கிலும். மொன்டானாவின் அந்த வாசகத்தை வைத்துத்தான், நிலக்கரி, எண்ணெய்த் திட்டங்களால் பருவநிலைக்கு நேரும் பாதிப்பைக் கணக்கில் எடுக்காமல் அனுமதி தரச் சொல்லும் மாநிலச் சட்டத்தை எதிர்த்து 16 இளையோர் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.